மாட்டின் வால் பக்கம் போங்கள்

சாலையில் விலங்கு அடிபட்ட இடத்தில் நின்று விசாரித்தால், ஓட்டி வந்தவர் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்: "எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க, குறுக்கே பாஞ்சிருச்சு." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் அந்த மாடோ ஆடோ வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே சாலையோரத்தில் நின்றிருக்கும். ஓட்டியவரின் கண் தார் ரோட்டின் நடுவிலேயே இருந்ததால் அது படவில்லை.

நான் சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறேன். குட்டியானை என்றால்தான் எல்லோருக்கும் புரியும். தாளவாடி, ஆசனூர் பக்கம் முட்டைக்கோஸ், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் இறங்கி, சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம், கோவை மண்டிகளுக்குப் போவேன். காய்கறி லோடு குறையும் மாதங்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமும் நடை உண்டு. மலையில் யானையும் மானும், கீழே மாடும் ஆடும், ஊருக்கு ஊர் நாயும் என்று எல்லாவற்றோடும் ரோட்டைப் பங்குபோட்டுத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ரோட்டில் ஒரு உயிர் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே கடந்து போவது எனக்கு இன்றுவரை பழகவில்லை. அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக் கூடியது என்று தெரிவதால் இன்னும் கஷ்டம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வண்டி பழக்கிய அண்ணன் முதல் வாரமே சொன்னது: "ரோட்டை மட்டும் பாக்காத, ஓரத்தப் பாரு." ஓரத்தில் என்ன இருக்கிறது? தார் மேல் சாணி ஈரமாகக் கிடந்தால் மந்தை இப்போதுதான் கடந்திருக்கிறது. பின்தங்கிய ஒன்றிரண்டு இனிமேல் வரும். கையில் குச்சியோடு ஒரு பெரியவர் இடது பக்கம் நின்று வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அவருடைய ஆடுகள் வலது பக்கத்தில் இருக்கின்றன. கன்றுக்குட்டி தனியாக ஒரு பக்கம் நின்றால் தாய் மறுபக்கம் இருக்கிறதா என்று தேட வேண்டும். ரோட்டில் சோளமோ ராகியோ காயப்போட்டிருந்தால் அங்கே ஆடும் கோழியும் மயிலும் வந்தே தீரும். இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டவுடனே ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட வேண்டும். பிரேக் அப்புறம். காலை எடுப்பதுதான் முக்கியம்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். 80-ல் போனால் 22 மீட்டர். கண் பார்த்து, மனசு உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேலேயே ஆகும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். லோடு, மழை ஈரம், தேய்ந்த டயர் இதெல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவது 40, 50 மீட்டர். அந்த வெளிச்சத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் இரவில் ஓட்ட வேண்டும். பகலில் 80-ல் போன அதே ரோடுதானே என்று இரவிலும் போனால், பார்க்க முடியாத இடத்துக்குள் வண்டியை விடுகிறோம்.

இரவில் எருமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்புத் தார், கறுப்பு உடம்பு. தலையை நம் பக்கம் திருப்பியிருந்தால் கண் பளிச்சிடும்; திரும்பி நின்றால் அதுவும் இல்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. எதிரே தூரத்தில் வரும் வண்டியின் விளக்கைக் கவனித்துக்கொண்டே போங்கள். அந்த வெளிச்சம் கீழ்ப்பக்கமாக ஒரு கணம் மறைந்து மறைந்து தெரிந்தால், நமக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் கால்கள் நடக்கின்றன. நாம் விலங்கைப் பார்க்கவில்லை, அதன் கால் வெளிச்சத்தை வெட்டுவதைப் பார்க்கிறோம். இந்த ஒன்று என்னைப் பல முறை காப்பாற்றியிருக்கிறது. எதிர் வண்டி பிரைட் போட்டுக் கண்ணைக் கூச வைக்கிறதா, அந்தச் சில விநாடிகள் நமக்கு ரோடே தெரியாது. அப்போது வேகத்தைக் குறைக்காமல் நம்பிக்கையில் போகிறவர்கள்தான் அதிகம்.

மாட்டுக்கு வருவோம். மழைக்காலத்தில் மாடுகள் ரோட்டின் நடுவில் வந்து படுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுற்றிலும் சேறு, கொசு, ஈ. தார் ரோடு மட்டும் காய்ந்திருக்கும், பகல் சூடும் கொஞ்சம் மிச்சமிருக்கும், வண்டிகள் போகிற காற்றில் ஈ மொய்ப்பதும் குறையும். அதனால் மழை விட்ட ராத்திரியில் ஊரை ஒட்டிய ரோடுகளில் மாடு படுத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே ஓட்டுவது நல்லது. சென்டர் மீடியன் இருக்கிற நாலு வழிச்சாலையிலும் இதே கதைதான். மீடியனில் புல்லும் அரளியும் இருக்கும், மாடு அந்தப் புல்லை மேயும், அங்கேயே படுக்கும்.

நடந்து குறுக்கே போகிற மாட்டுக்கு எப்போதும் வால் பக்கமாகத்தான் போக வேண்டும். மாடு முன்னால் போகும், நிற்கும், அரிதாகத் திரும்பும்; பின்னால் நகராது. முன்பக்கமாக ஒடித்துப் புகுந்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் முட்டுகிறார்கள். ஆனால் வால் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு பார்வை: பின்னாலேயே கன்று வருகிறதா? வந்தால் நின்றுவிடுங்கள், கன்று தாயை விட்டு நிற்காது. மாட்டின் முகத்தையும் கவனிக்கலாம். தலையைத் தாழ்த்தி மென்றுகொண்டிருந்தால் அதற்கு அவசரமில்லை. தலை நிமிர்ந்து, காது இரண்டும் ஒரே திசையில் விறைத்து நின்றால் அடுத்து ஓட்டம்தான். அந்த நேரத்தில் ஏர் ஹாரனை அடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. மாட்டுக்கு ஹாரன் தேவையென்றால் தூரத்திலேயே ஒரு முறை சின்னதாக அடிக்கலாம், பக்கத்தில் போய் அடிக்கக் கூடாது.

பைக்கில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிராமத்து ரோட்டில் மாடு ஒரு பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும், முளைக்குச்சி மறுபக்கம் அடித்திருக்கும். நடுவில் கயிறு. நைந்துபோன பழைய தென்னங்கயிறு தார் நிறத்திலேயே இருக்கும். மாடு தலையைத் தூக்கினால் அது முழங்கால் உயரத்துக்கு எழும்பும். மாடு ஓரத்தில் இருக்கிறது, வழி காலியாக இருக்கிறது என்று போகாமல், கழுத்திலிருந்து கயிறு எங்கே போகிறது என்று ஒரு நொடி பாருங்கள்.

ஆடு வேறு மாதிரி. வெள்ளாடு தன் இஷ்டத்துக்குத் தனித்தனியாகப் பாயும். குட்டி எந்தப் பக்கம் இருந்தாலும் தாய் கத்தியவுடன் குறுக்கே ஓடும். செம்மறி அப்படியில்லை, முன்னால் போகிறதன் பின்னாலேயே மந்தை முழுவதும் போகும். லாரி வந்தாலும் போகும். அதனால் செம்மறி மந்தையில் நடுவில் இடைவெளி கிடைத்தது என்று நுழையவே கூடாது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிறவர்கள், அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடுவதற்காக மந்தையை டெல்டா வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். புதுக்கோட்டை தாண்டிய ரோட்டில் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அவர்களை நிறையப் பார்க்கலாம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் நூற்றுக்கணக்கான ஆடுகள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு முன்னால் வருகிற கீதாரியைப் பாருங்கள். அவர் கையைக் காட்டி மந்தையை ஒரு பக்கமாக ஒதுக்கித் தருவார். அப்போது நடை வேகத்தில் போனால் போதும். ஒரு முறை அப்படி நின்றபோது ஒரு கீதாரி சொன்னார், "ஹாரன் அடிச்சா ஆடு உங்க வண்டிக்கு அடியிலதான் வரும் தம்பி, சும்மா நின்னா அதுவா பிரிஞ்சு போயிரும்." அப்படித்தான் நடந்தது. இரண்டு மூன்று நிமிடம். அதற்கு மேல் ஆகவில்லை. டெல்டாவில் வாத்துக் கூட்டத்துக்கும் இதே முறைதான்.

நாய்தான் பைக் ஓட்டுகிறவர்களுக்கு எமன். கைகாலை உடைத்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். ஒரு நாய் குறுக்கே ஓடினால் அது எதையாவது துரத்துகிறது, அல்லது அதை எதுவோ துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நாய் வருகிறது. பாதி ரோடு கடந்த நாய் வண்டியைப் பார்த்ததும் பயந்து வந்த வழியே திரும்பும். அதனால் அது கடந்துவிட்டது என்று உடனே முறுக்கக் கூடாது.

குறுக்கே வந்தேவிட்டது என்றால் கைப்பிடியை ஒடிக்காமல் நேராகப் பிடித்து, முன்பிரேக்கும் பின்பிரேக்கும் சேர்த்து அழுத்துங்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும்போது பிடிக்கிற பிரேக்தான் பிரேக். சாய்த்துக்கொண்டோ திருப்பிக்கொண்டோ முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருந்தால் பயப்படாமல் முழுசாக அழுத்தலாம். காருக்கும் இதே விதிதான். நம் ரோடுகளில் ஓரத்தில் புளியமரம், எதிரில் பஸ். ஒரு நாய்க்காக ஸ்டியரிங்கை ஒடித்துப் புளியமரத்தில் மோதிய கார்களைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு மனசு வலிக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது: நேராக பிரேக் பிடித்தும் இடிப்பதைத் தவிர்க்க முடியாவிட்டால், குறைந்த வேகத்தில் இடிப்பது மரத்திலும் பஸ்ஸிலும் மோதுவதைவிட மேல். உங்கள் வண்டியில் குழந்தைகள் இருக்கிறார்கள், எதிர் வண்டியிலும் இருக்கிறார்கள். யானை, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளுக்கு இது பொருந்தாது. அங்கே இடிப்பது என்ற பேச்சே கிடையாது, அந்த அளவுக்கு மெதுவாகப் போயிருக்க வேண்டும்.

நாய் குரைத்துக்கொண்டு பைக்கைத் துரத்தினால் காலைத் தூக்கி உதைக்காதீர்கள், பேலன்ஸ் போய்விடும். வேகத்தைக் குறைத்து நேராகப் போனால் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும். நிறுத்திய வண்டியை எடுக்கும் முன் அடியில் குனிந்து பார்ப்பதும், மழைநாளில் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுவதும் வழக்கமாகட்டும். சூட்டுக்காகப் பூனை உள்ளே ஏறிப் படுத்திருக்கும்.

இனி மலை. பண்ணாரி சோதனைச்சாவடி தாண்டினால் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் ஆசனூர், காராப்பள்ளம், கர்நாடக எல்லை. இந்தச் சாலை முழுவதும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. கர்நாடகத்தின் பண்டிப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. திம்பத்திலும் 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. எங்களைப் போன்ற லோடு வண்டிக்காரர்களுக்கு அது பெரிய அடி. மண்டிக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை என்று போராட்டமெல்லாம் நடந்தது. அந்தக் கஷ்டம் எனக்கும் உண்டு. இருந்தாலும் இரவில் அந்த வளைவுகளில் சிறுத்தையும் மானும் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், அந்தத் தடை தேவை என்றுதான் சொல்வேன். லோடு ஏற்றும் நேரத்தை மாற்றிக்கொள்ள நம்மால் முடியும். அவற்றால் காட்டை மாற்றிக்கொள்ள முடியாது.

மான் ஒன்று கடந்தால் பின்னால் கூட்டம் இருக்கிறது. கடைசி மான் கடந்த பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் நான் வண்டியை நகர்த்துவேன். பிரைட் லைட்டில் மான் அப்படியே உறைந்து நிற்கும். டிம் செய்தால் அதற்குக் கண் தெளியும், நகர்ந்துவிடும். மயில் கனத்த பறவை, சட்டென்று மேலே எழும்பாது, கண்ணாடி உயரத்துக்குத்தான் முதலில் வரும். குரங்குக்கு வாழைப்பழம் வீசுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். பழம் விழுவது ரோட்டில். அதை எடுக்க வருகிற குட்டி அடுத்த வண்டியில் அடிபடுகிறது.

யானை விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கர்நாடகப் பக்கமிருந்தும் தாளவாடியிலிருந்தும் கரும்பு லாரிகள் இந்த வழியாகத்தான் கீழே இறங்கும். கரும்பு வாசம் யானைக்கு வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். சில ஓட்டுநர்கள் ஆசையாக ஒரு கட்டுக் கரும்பை உருவி வீசுவார்கள். அதன் பலன், காராப்பள்ளம் பக்கம் யானைகள் ரோட்டுக்கு வந்து லாரியை மறிக்கப் பழகிவிட்டன. கரும்பு வீசுவது அபராதத்துக்குரிய குற்றம். அபராதத்தைவிடப் பெரிய விஷயம், பழகிய யானை அடுத்து வருகிற பஸ்ஸையும் காரையும் மறிக்கும் என்பது.

ஆசனூருக்கும் காராப்பள்ளத்துக்கும் நடுவில் ஒரு சாயங்காலம் இப்படி மாட்டிக்கொண்டோம். முன்னால் ஒரு கரும்பு லாரி, அதை மறித்து ஒரு தாய் யானை, அதன் வயிற்றுக்குக் கீழே குட்டி. லாரிக்குப் பின்னால் நாங்கள் வரிசையாக நின்றோம். பின்னாலிருந்து ஒரு காரில் வந்த இளைஞர்கள் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அங்கிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஓடி வந்து, "ஏறுங்க தம்பி, முதல்ல ஏறுங்க" என்று கதவைச் சாத்த வைத்தார். பிறகு ஒவ்வொரு வண்டியாக வந்து சொன்னார்: "லைட்டை டிம் பண்ணுங்கண்ணா. என்ஜினை அணைக்காதீங்க, ரேஸும் பண்ணாதீங்க. பின்னாடி இடம் விட்டு நில்லுங்க." பின்னால் இடம் விடுவது எதற்கென்று நானே கேட்டேன். "அது வந்தா நீங்க போறதுக்கு," என்றார். வண்டிகள் ஒட்டி ஒட்டி நின்றால் யாராலும் பின்னால் எடுக்க முடியாது. காட்டு ரோட்டில் முன்வண்டிக்கும் நமக்கும் இரண்டு வண்டி இடைவெளியாவது வேண்டும் என்பதை அன்றிலிருந்து நான் விட்டதில்லை.

அந்தக் காவலர் யானையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். காது விசிறிக்கொண்டே இருந்து, வாலும் ஆடிக்கொண்டு, தின்பதை நிறுத்தாமல் இருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. காது விரிந்து அப்படியே நின்றுவிட்டால், வால் விறைத்துத் தூக்கினால், தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டால் அது எச்சரிக்கை. உடனே மெதுவாக ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ஹாரன், பிரைட் லைட் அடிப்பது, கத்துவது எதுவும் கூடாது. பக்கவாட்டில் இடம் இருக்கிறது என்று புகுந்து போகவும் கூடாது, குட்டி இருந்தால் நிச்சயம் கூடாது. அன்று அரைமணி நேரத்துக்கும் மேல் நின்றோம். தாயும் குட்டியும் இடது பக்கச் சரிவில் இறங்கியதும் காவலர் கையைக் காட்டினார். அதற்கு முன்னால் ஒருவரும் நகரவில்லை. வாழைத்தார், பலாப்பழம், வெல்லம் ஏற்றினால் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். வாசம் குறைவாக வெளியே போகும்.

அடிபட்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் நிறுத்துங்கள். ஓரங்கட்டி நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள், பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டச் சொல்லி ஒருவரை நிறுத்துங்கள். அடிபட்ட விலங்கு வலியில் யாரையும் கடிக்கும், முட்டும். நாயென்றால் முகத்தின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு, சாக்கிலோ போர்வையிலோ நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டு வரலாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சில் போய்விடும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம், ரோந்து வண்டி வரும். செத்துவிட்டாலும் ரோட்டின் நடுவில் விட்டுப் போகக் கூடாது. அதைத் தின்ன வருகிற நாயும் காக்கையும் அடிபடும், இரவில் அதன் மேல் ஏறி பைக் கவிழும். காட்டு விலங்கு என்றால் தொடாமல் பக்கத்துச் சோதனைச்சாவடியிலோ வனத்துறையிலோ சொல்லிவிடுங்கள். மானோ முயலோ கிடக்கிறதே என்று எடுத்துப் போட்டுக்கொண்டு போனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

வளர்ப்பு மாடு, ஆடு என்றால் கூட்டம் கூடும், சத்தம் வரும். புளியம்பட்டிப் பக்கம் எனக்கு முன்னால் போன கார் ஒரு கறவை மாட்டை அடித்துவிட்டது. கூட்டத்தில் ஆளாளுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது மாட்டுக்காரம்மா மட்டும் கீழே உட்கார்ந்து அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கார்க்காரர் நல்ல மனிதர். அவர் சட்டம் பேசவில்லை. "தப்பு யாரோடதுன்னு அப்புறம் பாப்போம், முதல்ல டாக்டரைக் கூப்பிடுவோம் அம்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அதிலேயே பாதிச் சத்தம் அடங்கியது. மாடு பிழைக்கவில்லை. காவல் நிலையத்தில் பதிவு செய்து, பேசி, ஒரு தொகை கொடுத்தார். ஒரு கறவை மாடு அந்த வீட்டின் மாசச் சம்பளம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. பயமாக இருந்தால் காவல்துறையை அங்கேயே வரச் சொல்லுங்கள், ஓடிப்போகாதீர்கள். வண்டிச் சேதத்துக்கு முழுக் காப்பீடு இருந்தால் பணம் கேட்கலாம், மூன்றாம் நபர் காப்பீட்டில் கிடைக்காது. அந்த இடத்திலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாடு வளர்ப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ராத்திரி அவிழ்த்துவிடாதீர்கள். கட்டி வைக்கவே இடமில்லை என்றால் ஒளிரும் ரேடியம் பட்டையாவது கட்டுங்கள். கொம்பில் ஒட்டினால் மரத்தில் உரசிச் சீக்கிரம் உரிந்துவிடும், கழுத்துப் பட்டையில் தைத்தால் நிற்கும். வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். நான் ஒரு சுருள் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். டீக்கடை ஓரத்தில் மாட்டுக்காரர் யாராவது நின்றால், கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் கழுத்துக்கு இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவேன். கேட்டவர்களில் வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.